காங்கயம் பக்கத் தோட்டத்து வீட்டில் ஒரு டிஸ்க் ரெய்டு: அமைத்தது முதல் மீட்டது வரை

பின்னணி

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், தார்ச்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு தோட்டத்து வீடு. சுற்றிலும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே வசிக்கிறார்கள். மகள் குடும்பம் கோவையில் இருக்கிறது. பேரன் விடுமுறைக்கு வந்துபோவான்.

ஆசிரியர் 1983-இல் ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கினார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எங்கே நோம்பி (திருவிழா) என்றாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். விடிய விடிய நடக்கும் உடுக்கடிப் பாட்டு, கும்மி, கவலை (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்பாடு) ஓட்டியவர்கள் நினைவிலிருந்து பாடிக் காட்டிய பாட்டு, வயதான பெண்களின் தாலாட்டு, ஒப்பாரி என்று சேர்த்தார். 2002-க்கு அப்புறம் சிறு நாடாவில் டிஜிட்டலாகப் படம் பிடிக்கும் ஒரு மினிடிவி (MiniDV) கேமராவும் சேர்ந்துகொண்டது. நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது 212 கேசட்டுகளும் 94 மினிடிவி நாடாக்களும் இரும்பு பீரோவில் வேப்பிலையோடு அடுக்கியிருந்தன. பாடியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்போது உயிரோடு இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே வருவதைப் படிக்க வேண்டும்.

நான் காங்கயத்தில் கணினி பழுது பார்க்கிறேன். 2021 கடைசியில் அவருடைய பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் நின்றுபோனது. முப்பது கேசட்டுகளை மாற்றிய உழைப்பு அதோடு போனது. கேசட்டுகள் கையில் இருந்ததால் மறுபடி ஓட்டினார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு டிஸ்க்குல ஒரே நேரத்துல எழுதற மாதிரி ஒண்ணு இருக்குதாமுங்க தம்பி, ரெய்டுன்னு. அதைப் போட்டுக் குடுங்க" என்றார்.

2022 மார்ச்: என்ன அமைத்தோம், ஏன்

முதலில் அளவைக் கணக்குப் போட்டோம். ஒலியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனலாக எடுக்கிறார். அதாவது ஒரு விநாடிக்கு 5,76,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். 212 கேசட்டுக்கும் சேர்த்துச் சுமார் 550 ஜிபி. மினிடிவி நாடா மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும், 94 நாடாவுக்கு 1.2 டிபி. ஆக 1.75 டிபி. அக்கம்பக்கத்து வீடுகளில் கிடக்கும் கேசட்டுகளும் இனி வரும். 4 டிபி டிஸ்க் போதும் என்று முடிவு செய்தோம்.

மூன்று டிஸ்க் போட்டு ரெய்டு 5 அமைத்தால் 8 டிபி இடம் கிடைக்குமே என்று மகள் போனில் கேட்டார். கேள்வி சரியானதுதான். நான் ரெய்டு 1-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் இடமோ வேகமோ அல்ல. ரெய்டு 5-இல் தரவு துண்டு துண்டாக மூன்று டிஸ்க்கிலும் பரவியிருக்கும், ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்தால் ஒன்றுமே படிக்க முடியாது. ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க்கிலும் முழுப் பிரதி இருக்கும். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும், லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த யாராவது ஒரு டிஸ்க்கைத் தனியாக மாட்டிப் படித்துக்கொள்ளலாம். வீட்டில் வைக்கும் தரவுக்கு இந்தக் குணம்தான் பெரிது என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மதர்போர்டின் பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) ரெய்டு வசதி இருந்தது. அதைத் தொடவில்லை. அப்படி அமைத்தால் போர்டு போகும்போது அதே வகைப் போர்டைத் தேடி அலைய நேரும். டெபியன் லினக்ஸ் போட்டு, அதன் கெர்னலில் (மையப் பகுதியில்) இருக்கும் எம்டி என்ற மென்பொருள் ரெய்டை அமைத்தேன். இந்த டிஸ்க்குகளை எந்த லினக்ஸ் கணினியும் அடையாளம் கண்டுகொள்ளும். கணினியை மட்டும் மாற்றவில்லை. மினிடிவி நாடாவை உள்ளே இழுக்கும் ஃபயர்வயர் கார்டு அந்தப் பழைய பெட்டியில்தான் இருந்தது.

டிஸ்க் வாங்குவதில் கொஞ்சம் அலைந்தோம். சில டிஸ்க்குகளில் தடங்களை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதுகிறார்கள், எஸ்எம்ஆர் என்று பெயர். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற மேலே உள்ள வரிசைகளையும் கழற்ற வேண்டியிருப்பதுபோல, அதில் ஓர் இடத்தை மாற்றி எழுதப் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். ரெய்டில் ஒரு டிஸ்க்கை மாற்றி முழுதாக எழுதும் நேரத்தில் இது ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அதனால் தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று போட்ட, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகையைத்தான் எடுத்தோம். ஒன்றைக் கோவையிலும் இன்னொன்றை ஈரோட்டிலும் வாங்கினேன். ஒரே பெட்டியில் வந்த இரட்டைப் பிறவிகள் ஒரே சமயத்தில் நோயில் விழக்கூடும் என்ற பயம்தான் காரணம். கீழே கோவை டிஸ்க்கை "அ" என்றும் ஈரோடு டிஸ்க்கை "ஆ" என்றும் குறிப்பிடுகிறேன்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சோதித்துச் சொல்லும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். இரண்டையும் முழு நீள ஸ்மார்ட் சோதனையில் ஓட்டினேன். பார்ட்டிஷனை, அதாவது தரவுக்கு ஒதுக்கும் பகுதியை, டிஸ்க்கின் முழு அளவுக்குப் போடாமல் கடைசியில் 100 எம்பி விட்டுவைத்தேன், பின்னால் மாற்றும் டிஸ்க் துளி சிறியதாக இருந்தாலும் பொருந்தட்டும் என்று. இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுபோல ஆக்கும் முதல் ஒத்திசைவு ஏழரை மணி நேரம் ஓடியது. அடுத்த நாள் எல்லாம் பச்சை.

செய்யாமல் விட்டது இரண்டு. வெளியே ஒரு பிரதி எடுத்துக் கோவையில் மகள் வீட்டில் வைக்கச் சொன்னேன். "ரெண்டு இருக்குதுங்களே தம்பி, அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. இன்னொன்று, எச்சரிக்கை மடல் போகும் முகவரி. நிறுவும்போது தானாகவே வரும் முகவரியை அப்படியே விட்டேன். அது கணினிக்குள்ளேயே இருக்கும் உள்ளூர் அஞ்சல் பெட்டி. வெளியே எங்கும் போகாது.

2023 டிசம்பர் 17: என்ன கண்டோம்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளென போன் வந்தது. "ஒரு நோம்பிப் படம் பாத்துட்டு இருந்தனுங்க தம்பி, நடுவுல நின்னு நின்னு போகுது. மத்த படமெல்லாம் ஓடுது." அவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிராவிட்டால் மாலையில் வருகிறேன் என்றிருப்பேன். ஒரே கோப்பில், ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் டிஸ்க்கின் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். ரெய்டு 1-இல் அப்படி நடக்கக் கூடாது. ஒரு டிஸ்க்கில் படிக்க முடியாவிட்டால் எம்டி சத்தமில்லாமல் மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தேன். ரெய்டின் நிலையைக் காட்டும் வரியில் இரண்டில் ஒன்றுதான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது "அ" மட்டும். "ஆ" வெளியே தள்ளப்பட்டிருந்தது.

ஒவ்வொரு உறுப்பு டிஸ்க்கிலும் எம்டி ஒரு தலைப்புப் பகுதி வைத்திருக்கும். கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்ற நேரம் அதில் இருக்கும். "ஆ"வில் அது அக்டோபர் 22 மாலையைக் காட்டியது. 56 நாட்கள்.

அந்தத் தேதியைச் சொன்னதும் ஆசிரியரின் மனைவிதான் பதில் கொடுத்தார்: "ஆயுத பூசைக்கு முந்துன நாளுங்க. பேரன் வந்திருந்தான், பொட்டியத் தொறந்து தூசி எல்லாம் ஊதி விட்டான்." 2023-இல் ஆயுத பூசை அக்டோபர் 23. கேபினட்டின் மூடியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் இருந்தன. உள்ளே "ஆ"வின் சாட்டா கேபிள் மதர்போர்டுப் பக்கம் பாதி வெளியே வந்து சாய்ந்திருந்தது. கொக்கி இல்லாத வகைக் கேபிள் அது. பையனைக் குறை சொல்ல எதுவுமில்லை. கொறங்காட்டுத் தூசி மின்விசிறியில் திரி திரியாக அடைந்திருந்தது, சுத்தம் செய்ய வேண்டிய பெட்டிதான். கொக்கி இல்லாத கேபிளைப் போட்டது நான்.

ஸ்மார்ட் எண்களும் அதையே சொன்னன. "ஆ"வில் கெட்டதற்குப் பதிலாக மாற்றப்பட்ட செக்டார் (டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னக் கட்டம்) 0, படிக்கக் காத்திருக்கும் செக்டார் 0. ஆனால் 199-ஆம் எண்ணில், அதாவது கேபிள் வழிப் பிழைகளின் கணக்கில், ஆயிரத்துக்கு மேல் ஏறியிருந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் கெட்டது. "அ"வில் நேர்மாறு. கேபிள் பிழை 0, காத்திருக்கும் செக்டார் 8. தனியாக நின்று சுமை தாங்கிய டிஸ்க்குக்குத்தான் நோய்.

இங்கே இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. 56 நாட்கள் ஏன் யாருக்கும் தெரியவில்லை? "அ"வின் கெட்ட செக்டார்கள் முன்பே ஏன் பிடிபடவில்லை?

முதல் கேள்விக்கு விடை உள்ளூர் அஞ்சல் பெட்டியில் கிடைத்தது. அக்டோபர் 22 அன்று "டிஸ்க் செயலிழந்தது" என்று ஒரு மடல். அப்புறம் கணினி போடப்பட்ட ஒவ்வொரு நாளும் "ரெய்டு குறைபட்ட நிலையில் இருக்கிறது" என்று ஒரு மடல். மொத்தம் 31. ஒன்றும் திறக்கப்படவில்லை. அப்படி ஒரு பெட்டி இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, நான் சொல்லியிருக்கவும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை ஓர் அட்டவணைக் கோப்பில். இரண்டு டிஸ்க்கையும் முழுதாகப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. கெட்டுப்போன செக்டார் தென்பட்டால் மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்து அந்த இடத்தில் திருப்பி எழுதிச் சரிசெய்துவிடும். அந்தக் கணினியில் இது மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவு 12:57-க்கு என்று தானாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் இரவு ஒன்பதரைக்குக் கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். அமைத்த நாளிலிருந்து 21 முதல் ஞாயிறுகள் கடந்துவிட்டன. ஒரு முறைகூட அந்தச் சோதனை ஓடியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரெய்டு என்ற பெயர் 1988-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவியது. பெரிய, விலை கூடிய ஒரு டிஸ்க்குக்குப் பதிலாகச் சிறிய, மலிவான பல டிஸ்க்குகளை அடுக்கி வேலை வாங்குவது அவர்கள் யோசனை. RAID என்ற பெயரில் உள்ள 'ஐ' என்ற எழுத்து முதலில் குறித்தது inexpensive, அதாவது "மலிவான" என்பதையே. மலிவு என்ற அந்தக் குணம்தான் ரெய்டை வீடு வரைக்கும் கொண்டுவந்தது. ஆனால் அதன் காவல் ஏற்பாடுகள் எல்லாம் இரவும் பகலும் ஓடும் இயந்திரத்தையும், மடலைத் தினமும் பார்க்கும் ஒரு பொறுப்பாளரையும் மனதில் வைத்துச் செய்தவை. நான் ரெய்டை மட்டும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். காவலை அந்த வீட்டின் பொழுதுக்கு ஏற்ப மாற்றவில்லை. ஒரு டிஸ்க் போனாலும் எல்லாம் வழக்கம்போல ஓடும் என்பதுதான் ரெய்டின் பலம். அதனாலேயே ஒரு டிஸ்க் போனது கண்ணுக்குத் தெரிவதில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில், எழுதுவதை நிறுத்தினோம். டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றினேன்.

அடுத்தது கடினமான முடிவு. "ஆ"வின் கேபிளைச் சரியாக மாட்டி உடனே ரெய்டில் சேர்த்துவிடலாமா? கை பரபரக்கத்தான் செய்தது. எம்டி எந்தெந்தப் பகுதிகளில் எழுத்து மாறியது என்று ஒரு குறிப்புப் படம் வைத்திருக்கும். அதன்படி 56 நாளில் மாறிய பகுதிகளை மட்டும் "ஆ"வுக்கு எழுதினால் போதும், சில நிமிட வேலை. சேர்ந்த பிறகு "அ"வில் படிக்க முடியாத இடங்களை "ஆ" சரிசெய்தும் கொடுத்திருக்கும். கோட்பாட்டில் அது சரியான வழிதான்.

செய்யவில்லை. "ஆ"வில் இருந்தது அக்டோபர் 22 வரையிலான, யாரும் தொடாத, முழுமையான பிரதி. "அ"வில் இருந்தது புதியது, ஆனால் ஓட்டை விழுந்தது. "ஆ" வெளியேறியதற்குக் கேபிள் மட்டும்தான் காரணமா, போர்டிலுள்ள சாக்கெட்டும் கெட்டதா என்று அப்போது உறுதியாகத் தெரியாது. சேர்க்கும் நடுவில் அது மறுபடி விழுந்தால், பழையதும் புதியதும் பாதிப் பாதியாகக் கலந்த டிஸ்க் ஒன்றுதான் மிஞ்சும். அதோடு, சேர்க்கும் கட்டளைக்குப் பதில் புதிதாக இணைக்கும் கட்டளையைத் தவறிக் கொடுத்துவிட்டால், "ஆ" முழுக்க அழித்து எழுதப்படக்கூடும். இன்னொரு பிரதி இல்லாத வீட்டில், இருக்கும் ஒரே சுத்தமான பிரதியின் மேல் எதையும் எழுதக் கூடாது. இன்றைக்கு இதே நிலை வந்தாலும் இதே முடிவைத்தான் எடுப்பேன்.

"ஆ"வைக் கழற்றி, வரிசை எண்ணை எழுதி, ஒரு துண்டில் சுற்றி ஆசிரியரின் பீரோவில் வைத்தோம். "கேசட்டுக்குப் பக்கத்துலயே இருக்கட்டுமுங்க" என்றார்.

மூன்றாவது, 56 நாளில் சேர்ந்ததை முதலில் காப்பாற்றுவது. 9 கேசட்டுகளை அவர் மாற்றியிருந்தார், பாட்டுப் பட்டியலிலும் நிறையத் திருத்தியிருந்தார். உலகத்தில் இவற்றுக்கு "அ" மட்டும்தான் இருப்பிடம். இவற்றை முதலில் என் பென் டிரைவிலும் மடிக்கணினியிலும் நகலெடுத்தேன். ஒன்பதில் ஒரு கோப்பு மட்டும் ஓரிடத்தில் படிக்க முடியாமல் நின்றது. அதை அப்போதைக்குத் தள்ளிவைத்தேன்.

மீட்பு

மறுநாள் புது 4 டிபி டிஸ்க் ஒன்றும், வெளியே வைக்கும் யுஎஸ்பி டிஸ்க் ஒன்றும் வாங்கினோம். புது டிஸ்க்குக்கு "இ" என்று பெயர்.

"அ"வை அப்படியே "இ"க்கு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் நகலெடுத்தேன். சாதாரண நகல் முதல் பிழையிலேயே நின்றுவிடும். இது நல்ல இடங்களையெல்லாம் முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பக்கத்துக் கிணற்று மோட்டார் போடும்போதெல்லாம் விளக்கு மங்கும் அந்த வீட்டில் இது பெரிய ஆறுதல். அன்று வீட்டு இன்வெர்ட்டரை நம்பாமல் என் கடையின் யுபிஎஸ்ஸைக் கொண்டுபோயிருந்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. விடியும்போது படிக்க முடியாமல் மிஞ்சியது 57,344 பைட், அதாவது 4,096 பைட் கொண்ட 14 செக்டார்கள். 8 என்று காட்டிய எண், முழு டிஸ்க்கையும் படித்த பிறகு 14 ஆகியிருந்தது. யாரும் தொடாத கெட்ட செக்டாரை டிஸ்க் தானாகச் சொல்லாது. படிக்கப் போனால்தான் தெரியும். மாதாந்திரச் சோதனை ஓடியிருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

அந்த 14 செக்டார்களும் நான்கு கோப்புகளில் இருந்தன. ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்த நோம்பிப் படத்தில் 9. பழைய ஒலிக்கோப்புகள் இரண்டில் இரண்டிரண்டு. புதிதாக மாற்றிய ஒன்பதில் ஒன்றில் 1.

"ஆ"வை என் கடைக் கணினியில் தனியாக, படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தேன். பழைய மூன்று கோப்புகளும் தடங்கல் இல்லாமல் வந்தன. வந்தது சரியானதுதானா என்று எப்படித் தெரிவது? ஒலிக்கோப்புகளுக்கு 2022-லேயே சரிபார்ப்பு எண் பட்டியல் ஒன்று எடுத்துவைத்திருந்தோம். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண் அது, ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்தன. படங்களுக்கு அந்தப் பட்டியல் இல்லை. எனவே "ஆ"விலிருந்து வந்த படத்தையும் "இ"யில் இருந்த ஓட்டைப் படத்தையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். வேறுபாடு அந்த 9 இடங்களில் மட்டும், வேறெங்கும் இல்லை. ஐயத்துக்கு இடமில்லாமல் சரி.

நான்காவது கோப்புக்கு "ஆ"வில் பிரதி கிடையாது, அது அக்டோபர் 22-க்குப் பின் வந்தது. பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் 1990-களில் பாடிய தாலாட்டு. கேசட் இருந்தால் மறுபடி ஓட்டலாம். உரிமையாளர் வீட்டில் கேட்டோம். திருப்பி வாங்கிய சந்தோஷத்தில் பழைய டேப்ரெக்கார்டரில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், நாடா உள்ளே சிக்கி நைந்துவிட்டது. "அ"வில் அந்த ஒரு செக்டாரை இன்னும் இரண்டு நாள் முயன்றேன். டிஸ்க்கை ஆறவிட்டும் முயன்றேன். வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான வேலை. "இ"யை ஒற்றை உறுப்பாக வைத்து ரெய்டைத் திறந்து, சரியான மூன்று கோப்புகளை அதில் எழுதி, கோப்பு முறைமையைச் சோதித்தேன். எல்லாவற்றையும் யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகலெடுத்து, சரிபார்ப்பு எண்களும் எடுத்தேன். அது கோவைக்கு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் வந்த பிறகே, "ஆ"வை முழு நீளச் சோதனைக்குப் பின் துடைத்து, ரெய்டில் புதிதாக இணைத்தேன். கொக்கி உள்ள கேபிள், போர்டில் வேறு சாக்கெட். எட்டு மணி நேரத்துக்குள் இரண்டும் ஒத்துவந்தன. அப்புறம் கேபிள் பிழை எண் ஒன்றுகூட ஏறவில்லை. "அ"வை ஓய்வுக்கு அனுப்பினோம்.

மாற்றியவை

எச்சரிக்கை. ஆசிரியர் மடல் பார்ப்பதில்லை, மாற்றிக்கொள்ளச் சொல்வதிலும் அர்த்தமில்லை. ரெய்டில் ஏதாவது கோளாறு என்றால் கணினியைப் போட்டதும் திரை முழுக்கப் பெரிய எழுத்தில், தமிழில், "ஒரு டிஸ்க் வேலை செய்யவில்லை. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். தம்பிக்குப் போன் செய்யவும்" என்று வரும்படி செய்தேன். கூடவே மகளுக்கும் எனக்கும் வெளி முகவரிக்கு மடல் வரும். அதோடு விடவில்லை. நகல் எல்லாம் கோவையில் பத்திரமாக இருக்கும்போதே, ஆசிரியரை உட்கார வைத்து, கணினியை அணைத்து, "ஆ"வின் கேபிளைக் கழற்றி, திரும்பப் போட்டுக் காட்டினேன். செய்தி வந்தது. கோவையிலிருந்து மகளும் கூப்பிட்டார். எச்சரிக்கை வரும் என்று சொல்வதும் வருவதைக் காட்டுவதும் வேறு வேறு. முதல் தடவையே இதைச் செய்திருந்தால் அந்த 31 மடல்களும் வீணாகியிருக்காது.

மாதச் சோதனை. பகலில் எட்டு மணி நேரம் கணினி ஓட வேண்டும். எந்த நாள் என்று கேட்டபோது ஆசிரியர் யோசிக்கவே இல்லை: "அமாவாசைக்கு வெச்சுக்கலாமுங்க தம்பி. அன்னைக்கு நான் எங்கயும் போறதில்லை." கணினியின் நாட்காட்டியை அமாவாசைக்குத் திருத்துவதில் நான் இறங்கவில்லை. திரையில் ஒரு பொத்தான் வைத்தேன். அமாவாசையன்று காலையில் விரதச் சமையல் ஆகும்போதே அவர் அதை அழுத்துவார், பொழுதோடு முடிவு வரும், தேதியையும் முடிவையும் நோட்டில் எழுதுவார். 2024 முழுக்க ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. இயந்திரத்தின் அட்டவணை ஒரு முறையும் ஓடாத வீட்டில், மனிதரின் அட்டவணை தவறாமல் ஓடுகிறது.

சின்னச் சின்னவையும் உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை ஒட்டினோம், அவசரத்தில் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடாமல் இருக்க. யுபிஎஸ் ஒன்று வாங்கிக் கணினியோடு கேபிளால் இணைத்தோம், பேட்டரி தீரும் முன் அதுவே அணைத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இது உதவுகிறது. படங்களுக்கும் சரிபார்ப்பு எண் பட்டியல் எடுத்தாயிற்று. கோவை நகல் ஆண்டுக்கு மூன்று முறை, மகள் வரும்போதெல்லாம் புதுப்பிக்கப்படுகிறது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் பெட்டியைத் துடைப்பது இப்போதும் பேரன்தான். துடைத்து, மூடி, கணினியைப் போட்டு, இரண்டு டிஸ்க்கும் இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் பொட்டு வைக்கிறான்.

மறுபடி ஒரு வீட்டில் இதை அமைத்தால் நான் மாற்றும் வரிசை இது: வெளிப் பிரதியை முதலில் எடுப்பேன், ரெய்டை அதற்குப் பிறகுதான் அமைப்பேன். ரெய்டு வந்துவிட்டால் பிரதி எடுக்கும் அவசரம் மனதிலிருந்து போய்விடுகிறது என்பதை இங்கே பார்த்துவிட்டேன்.

மீளாமல் போனது

ஒரு செக்டார், 4,096 பைட். விநாடிக்கு 5,76,000 பைட் என்ற கணக்கில், சுமார் 7 மில்லி விநாடி. தாலாட்டின் 41-ஆம் நிமிடத்தில், இரண்டு அடிகளுக்கு நடுவே பாட்டி மூச்சு இழுக்கும் இடத்தில், ஒரு சின்ன 'டிக்' கேட்கும். முன்னும் பின்னும் உள்ள ஒலியை வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது, பத்து நிமிட வேலை என்று சொன்னேன்.

ஆசிரியர் ஹெட்ஃபோனைப் போட்டு அந்த இடத்தை நான்கைந்து முறை கேட்டார். "வேண்டாமுங்க தம்பி. அந்த அம்மா பாடுனதுல நாம கை வைக்க வேண்டாம்" என்றார். பிறகு பாட்டுப் பட்டியல் நோட்டை எடுத்து, அந்தக் கேசட்டின் வரிசையில், பாடியவர் பெயருக்கும் ஊருக்கும் கீழே, "41-ஆவது நிமிடத்தில் 7 மில்லி விநாடி இல்லை. 2023 மார்கழி, டிஸ்க் பழுது" என்று எழுதித் தேதி போட்டார்.